பெட்டியா, கையா?

தம்பிகளே, கியர் போடும்போது வரும் சத்தத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று போன மாதம் நான் பட்டறைக்கு வந்திருந்தபோது கேட்டீர்கள். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. "பழகப் பழக வரும்" என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது பதிலே இல்லை என்று தோன்றியது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் சத்தத்தைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. பொறுமை இருந்தால் உங்களில் யார் வேண்டுமானாலும் செய்வீர்கள். ஆனால் பார்க்கிற இடத்தில் பக்கத்தில் யாரை நிற்க விடுவது என்று ஒன்று இருக்கிறது. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது. அப்போது நம் பட்டறை மதுரை செல்லூரில் ஒரு சந்துக்குள் இருந்தது. லாரி, பஸ், டிராக்டர் கியர் பெட்டிகள்தான் வரும். ஒரு நாள் காலையில் டெம்போ ஒன்று தார்ப்பாய் போட்டு மூடிய சாமானோடு சந்து முனையில் வந்து நின்றது. உள்ளே வர வழியில்லை. தெரு நீளத்துக்கும் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். நெசவுக்காரர்கள் பாவைச் சுருட்டும் வரைக்கும் டெம்போக்காரர் காத்திருந்தார். சும்மா இருக்காமல் தார்ப்பாயை விலக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"என்னண்ணே இது, பம்ப் செட்டா?" என்று ஒரு நெசவுக்காரர் கேட்டார்.

"படகோட சாமான்."

"படகா! வைகையில விடப் போறீகளா? அதுல இப்ப மாட்டு வண்டிதான போகுது!"

பாவு பிடித்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். நூல் ஆடிவிட்டது என்று பெண்கள் திட்டினார்கள்.

அந்தச் சாமானை நீங்கள் இப்போது அடிக்கடி பார்க்கிறீர்கள். அன்றைக்கு நாங்கள் பார்த்ததே இல்லை. எஞ்சின் படகுக்குள் இருக்கும். அதன் ஓட்டம் பின்பலகையைத் துளைத்து வெளியே வந்து, அங்கே தொங்கும் கியர் பெட்டி வழியாகத் தண்ணீருக்குள் இறங்கி விசிறியைச் சுற்றும். முன்னால் போக ஒரு கியர், பின்னால் வர ஒரு கியர், நடுவில் நியூட்ரல். அவ்வளவுதான். லாரிக்கும் அதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அதற்குக் கிளட்ச் மிதி கிடையாது. எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பல் வைத்த வளையம் ஒன்று போய் கியரைக் கவ்வ வேண்டும். அதனால் எஞ்சின் மெதுவாகச் சுற்ற வேண்டும், லீவரைச் சட்டென்று தள்ள வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் பல்லும் பல்லும் இடித்துக்கொள்ளும்.

அனுப்பியவர் உசிலம்பட்டி தாண்டி மேற்கே உள்ள ஓர் அணையில் மீன் குத்தகை எடுத்த காண்ட்ராக்டர். முன்னால் லாரி வைத்து ஓட்டியவர். தூத்துக்குடிப் பக்கம் ஏலத்தில் ஒரு பழைய படகை எடுத்திருந்தார். வலைகளையும் மீன் கூடைகளையும் ஏற்றி இழுக்க அது வேண்டும். பெட்டிக்குள் உப்பு ஏறி, பாதிப் பல் போயிருந்தது. நானும் என்னோடு வேலை செய்த ராம்தாஸும் அதைப் பிரித்துப் புதுப்பித்தோம். ராம்தாஸ் வீட்டில் எல்லோரும் தறிக்காரர்கள், அவர் மட்டும் இரும்புக்கு வந்தவர். பல் சேர்ப்பில் அவர் கை நூல் பிசகாது. அந்த வேலையை எப்படிச் செய்தோம் என்று எழுதப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பார்த்தோம். கியர் விழுந்ததே தெரியவில்லை. பெட்டியை ஏற்றி அனுப்பும்போது எலுமிச்சம்பழத்தை எந்தச் சக்கரத்துக்கு அடியில் வைப்பது என்று ஒரு சர்ச்சை வந்தது. கடைசியில் ராம்தாஸ் அதை டெம்போ சக்கரத்துக்கு வைத்தார். "அணையில நீ வேணா மீன் வாயில வச்சுக்க மாப்ள" என்றார்.

நானே போய்ப் படகில் மாட்டி, எஞ்சினின் ஐட்லிங்கையும், அதாவது கியர் போடாமல் சும்மா சுற்றும் வேகத்தையும், குறைத்து வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்குப் படகோட்டி ஊரில் இல்லை. கொஞ்ச நாளில் காண்ட்ராக்டரிடமிருந்து ஆள் வந்தது. கியர் போட்டால் கடகடவென்று இடிக்கிறதாம்.

மறுபடியும் பஸ் ஏறிப் போனேன். காண்ட்ராக்டர் கரையில் ஒரு மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கெட்டவர் இல்லை. கணக்காகப் பேசுகிறவர்.

"எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும். பெட்டியா, கையா? பெட்டின்னா நீங்க கழட்டிட்டுப் போயி மறுபடி செஞ்சு குடுங்க. கைன்னா நான் ஆள மாத்திக்கிறேன். இன்னைக்கே சொல்லிட்டுப் போயிரு."

அவர் சொன்ன ஆள், ஒச்சு அண்ணன், கொஞ்சம் தள்ளிப் படகுக்குள் நின்றிருந்தார். எழுமலைக்காரர். காண்ட்ராக்டரிடம் லாரி ஓட்டியவர், லாரியெல்லாம் விற்ற பிறகு படகுக்கு வந்தவர். என்னைவிட வயதில் மூத்தவர். நல்ல உயரம், சிரித்த முகம்.

அப்போது காண்ட்ராக்டர் எழுந்தார். "நீங்க பாத்துக்கிட்டு இருங்க. நான் வேணா கடைப் பக்கம் போயி ஒரு காப்பி குடிச்சிட்டு வாரேன்" என்றார்.

அந்த இடத்தை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். "போயிட்டு வாங்கண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்கு வாய் வரவில்லை. பெரிய மனிதரைப் போகச் சொல்வதாக ஆகிவிடுமோ என்று கூச்சப்பட்டு, தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். தான் இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதாக அவர் எடுத்துக்கொண்டார். "சரி, இருக்கேன், பாரு" என்று மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

படகில் ஏறினேன். "கியர் எப்ப இடிக்குதுண்ணே?" என்று கேட்டேன்.

ஒச்சு அண்ணன் பதில் சொல்லவில்லை. இரண்டாம் முறை கேட்டேன். என் தோளைத் தட்டி, "மாப்ள, மொகத்தப் பாத்துப் பேசு. பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி குனிஞ்சுக்கிட்டே நிக்கிற" என்று பெரிய குரலில் சொல்லிச் சிரித்தார். என் கூச்சத்தைக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். எல்லோரும் செய்வதுதானே.

முதலில் எஞ்சினை நிறுத்தி, விசிறியைக் கையால் சுற்றிக்கொண்டே லீவரைப் போடச் சொன்னேன். முன்னாலும் பின்னாலும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. லீவரிலிருந்து பெட்டிக்குப் போகும் கம்பியைக் கழற்றி அதன் அளவைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் முழுசாகப் போய் வந்தது. அப்படியானால் பெட்டி தப்பு இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. எங்கள் பட்டறை தப்பித்தது. அப்போதுகூட அந்த நிம்மதிக்கு மறுபக்கம் ஒருவர் நிற்கிறார் என்று தோன்றவில்லை.

பிறகு எஞ்சினைப் போட்டு அவர் கையைப் பார்த்தேன். லாரி ஓட்டியவர்கள் படகு லீவரைத் தடவித் தடவிப் போடுவார்கள். பெட்டிக்கு இரக்கம் காட்டுவதாக அவர்கள் நினைப்பு. பல்லைக் கொல்வது அந்த இரக்கம்தான். ஒச்சு அண்ணன் அப்படிச் செய்யவில்லை. ஒரே தள்ளு. சுத்தமான கை. ஆனாலும் கடகடவென்று இடித்தது.

பெட்டியும் இல்லை, கையும் இல்லை. ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பெட்டியில் வைத்துப் பிடியைக் காதில் அழுத்திக் கேட்டேன். அரைக்கிற சத்தம் இல்லை, இடிக்கிற சத்தம். எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது. மூடியைத் திறந்து பார்த்தேன். நான் ஐட்லிங் ஸ்க்ரூவில் அடையாளத்துக்கு வைத்த பெயின்ட் பொட்டு உடைந்திருந்தது. யாரோ நன்றாக உள்ளே திருகியிருந்தார்கள்.

இது நம் ஊர்ப் பழக்கம். பாட்டரி செத்த லாரி, செல்ஃப் ஸ்டார்ட்டர் பிடிக்காத லாரி எல்லாவற்றிலும் ஐட்லிங்கை ஏற்றித்தான் வைப்பார்கள். நின்றுவிட்டால் தள்ள ஆள் வேண்டுமே. ஒச்சு அண்ணன் அந்தப் பயத்தைப் படகுக்கும் கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திருகினேன். எஞ்சின் இறங்கி அமைதியானது. இந்த வகைப் படகில் புகையும் தண்ணீருக்குள்தான் போகும், அதனால் மெதுவாக ஓடும்போது சத்தமே இருக்காது. நானே லீவரைத் தள்ளினேன். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். மறுபடி நியூட்ரலுக்கு எடுத்தேன். வேலை முடிந்தது.

சந்தோஷத்தில் அவரைப் பார்த்து, லீவரைப் போடும்படி கை காட்டினேன். இத்தனைக்கும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் ஒரு நொடி தயங்கினார். பிறகு சாவியைத் திருப்பிச் செல்ஃப் அடித்தார்.

ஓடுகிற எஞ்சினுக்குச் செல்ஃப் அடித்தால் என்ன சத்தம் வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கீச்சு அணை முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. கரையில் வலை காய வைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒச்சு அண்ணன் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் மாறியது.

எனக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்கும் புரிந்துவிட்டது.

"ஓடிக்கிட்டா இருந்துச்சு?" என்றார். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சத்தமாகவே கேட்டார். நான் உதட்டில் விரல் வைத்துக் கரையைக் காட்டினேன்.

அவர் உட்கார்ந்தார். குரலை எவ்வளவு இறக்குவது என்று தெரியாமல் ஏற்றி இறக்கிப் பேசினார். "லாரியில எஞ்சின் நம்ம முழங்கால் பக்கத்துல கெடந்து கத்தும் மாப்ள. எம்புட்டு வருசம். காது பைய பையப் போயிருச்சு. பின்னாடி ஆரன் அடிச்சது கேக்கலன்னு ரெண்டு தடவ சண்டையாயிருச்சு. இங்க தண்ணியில யாரு ஆரன் அடிக்கப் போறான்னுதான் வந்தேன். இது ஓடுதா நிக்கிதான்னு தெரிய மாட்டேங்குது. ஏத்தி வச்சா ஸ்டேரிங் அதுரும், தெரிஞ்சுக்குவேன். அதான் திருகுனேன். அவுகளுக்குத் தெரிஞ்சா அம்புட்டுத்தான். வேற எவன் எங் கையில ஸ்டேரிங்கக் குடுப்பான்?"

நான் யோசித்தேன். அந்த யோசனையில் மட்டும் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. எஞ்சின் மேல் போட்டிருந்த மரப்பெட்டியின் ரப்பர் விரிப்பைச் சுருட்டி எடுத்தேன். அவர் செருப்பைக் கழற்றச் சொல்லி, வெறுங்குதிகாலைப் பலகையில் வைக்கச் சொன்னேன். எஞ்சினை நிறுத்தினேன், போட்டேன், நிறுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னார். "ஓடுது. இப்ப இல்ல. ஆ, ஓடுது!" என்று சிரித்தார். ஐட்லிங்கை இறக்கியே வைக்கலாம். பல் இடிக்காது. அவரும் ஓட்டலாம். இருவருக்கும் நல்ல வழி கிடைத்துவிட்டது என்று நினைத்துக் கரைக்கு வந்தேன்.

காண்ட்ராக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னப்பா, பெட்டியா கையா?"

"ரெண்டும் இல்லண்ணே. ஐட்லிங் ஏறியிருந்துச்சு. எறக்கிட்டேன். சரியாப் போச்சு."

"யாரு ஏத்துனது?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் யோசித்திருக்கவே இல்லை. "எங்க பட்டறையில வச்சதுதான். ஆட்டத்துல லூஸாகியிருக்கும்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "தம்பி, நான் லாரி வச்சிருந்தவன். லூஸானா ஐட்லிங் ஏறுமா, எறங்குமா?"

எறங்கும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவசரத்தில் சொன்ன பொய்கூடத் தொழிலுக்குப் பொருந்தாத பொய்யாகப் போயிற்று.

"அது கெடக்கட்டும். ஓடுற எஞ்சினுக்கு எதுக்குச் செல்ஃப் அடிச்சீக? நீயா அடிச்ச?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் லீவர் பக்கம் யார் நின்றார், நான் எங்கே நின்றேன் என்று அவர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார். "அப்ப ஒங்க பட்டறையில ஏதோ மறைக்கிறீக. பெட்டியக் கழட்டு. நான் வேற எடத்துல காட்டிக்கிறேன். செல்லூர்ல ஒரு பய உங்ககிட்ட வேல குடுக்காம பண்ணிருவேன்" என்றார்.

ஒச்சு அண்ணன் எங்கள் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. என்ன பேசினோம் என்பது அவருக்குக் கேட்டிருக்காது. காண்ட்ராக்டரின் முகத்தையும் என் முதுகையும் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறார்.

"அவன வையாதீகண்ணே. நாந்தான் திருகுனேன். எனக்குக் காது கேக்காது" என்றார்.

வலை காய வைத்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது. குரலை இறக்க அவருக்குத் தெரியாதே.

காண்ட்ராக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு அவர் மேல் கோபப்பட ஒரு வழி இருந்திருக்கும். தண்ணீர்ப் பக்கம் திரும்பினார். அங்கே பரிசல்கள் நாலைந்து நின்றன. வலை எடுக்க ஆட்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கியிருந்தார்கள்.

"ஒச்சு, படகு பின்னுக்கு வரும்போது அவனுகள்ல ஒருத்தன் நிறுத்துன்னு கத்துனா ஒனக்குக் கேக்குமா?" என்று கேட்டார். கையால் அவர்களைக் காட்டித்தான் கேட்டார்.

ஒச்சு அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினார்.

குதிகாலை வைத்து எஞ்சினைத் தெரிந்துகொள்ள வழி சொன்ன எனக்கு, அந்த ஆட்கள் நினைவுக்கே வரவில்லை. சத்தம் என்றால் எனக்குப் பெட்டிச் சத்தம்தான். மனிதக் குரலும் அதில் சேர்த்தி என்று காண்ட்ராக்டருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் செய்தது தப்பு என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

படகை விட்டுவிட்டுக் கரையில் வலைக் காவலுக்கு இருக்கும்படி அவரிடம் காண்ட்ராக்டர் சொன்னார். ஒச்சு அண்ணன் அது வேண்டாம் என்று சாவியைக் கொடுத்துவிட்டு, சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். உசிலம்பட்டியில் இறங்கினார். வழியெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். பேச வேண்டுமானால் அவரைத் தொட்டுத் திருப்ப வேண்டும். எனக்குக் கை வரவில்லை.

தம்பிகளே, அன்று காண்ட்ராக்டர் காப்பி குடிக்கப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிப் பார்ப்பேன். செல்ஃப் அடித்ததை அவர் பார்த்திருக்க மாட்டார். நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசியிருப்போம். தண்ணீரில் நிற்கும் ஆட்களும் எங்களுக்கே நினைவுக்கு வந்திருப்பார்கள். பின்பக்கம் ஒரு ஆளை நிறுத்திக் கொடி காட்டச் சொல்லலாம் என்றோ, பின்னுக்கு எடுக்கும் வேலையை வேறு ஒருவர் செய்யலாம் என்றோ ஏதாவது தோன்றியிருக்கும். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து போய்க் காண்ட்ராக்டரிடம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். அப்போதும் வேலை போயிருக்கலாம். ஆனால் ஒச்சு அண்ணன் தன் வாயால், தான் விரும்பிய நேரத்தில், விரும்பிய ஆளிடம் சொல்லியிருப்பார். ஊர் பார்க்க நின்று கத்தியிருக்க மாட்டார்.

அதனால்தான் சொல்கிறேன். எந்தப் பெட்டியைப் பார்க்கப் போனாலும், தீர்ப்புச் சொல்கிற ஆளை முதலில் அனுப்பிவையுங்கள். டீக்கோ, வெற்றிலைக்கோ, எதற்காவது. மரியாதைக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. ஓட்டுகிறவரோடு தனியாக இருந்து பாருங்கள். இயந்திரத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கும்போதே, மனிதரிடம் என்ன இருக்கிறது என்பதும் வெளியே வந்துவிடும். அதை நிறுத்த நம் கையில் கருவி கிடையாது.

பெட்டி அதன் பிறகு பழுதில்லாமல் ஓடியது. அடுத்த வருடம் எண்ணெய் மாற்றப் போனபோது, புதுப் படகோட்டி சலிப்பாக ஓட்டிக்கொண்டிருந்தார். காண்ட்ராக்டரே பேச்செடுத்தார். "ஒச்சு மாதிரி கை இவனுக்கு வராதுப்பா. பின்னால ஒரு ஆளு வச்சுக்கூட அவன ஓட்டச் சொல்லலாம்னு இப்பத் தோணுது. போற வழிதான, கேட்டுப் பாரு" என்றார்.

எழுமலைக்குப் போனேன். ஒச்சு அண்ணன் மாவு மில் ஒன்றில் மூட்டை தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்தார். பின்னாலிருந்து மில்காரர், "ஓய், செவிடு! சீக்கிரம் வா!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார். அது அவருக்குக் கேட்டதா தெரியாது. என் முகம் சுருங்கியதைப் பார்த்துத் திரும்பி, மில்காரருக்குக் கையைக் காட்டிவிட்டு வந்தார்.

அவர் முகத்தைப் பார்த்து, நிதானமாக, வந்த விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். வர மாட்டேன் என்று தலையாட்டினார்.

"ஏண்ணே? அவுகளே கூப்புடுறாக."

"கூப்புடுவாக. அங்க அம்புட்டுப் பயலுக்கும் தெரியும்ல." மாவு படிந்த கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார். "முன்னாடி எங்கிட்ட எல்லாரும் பேசிக்கிட்டு இருந்தாக மாப்ள. பாதி வெளங்காது, சிரிச்சுச் சமாளிச்சுக்குவேன். இப்ப ஒருத்தனும் பேசுறதில்ல. கத்துறாக."